‘டேம்’ என்ற ஒரு சொல்லை வைத்து ஓர் அகராதியை நிறுத்துப் பார்த்தேன்

கொழும்பில் வெள்ளவத்தைச் சந்தையைத் தாண்டிக் காலி வீதியில் சற்றுத் தூரம் நடந்தால் வரும் புத்தகக்கடை ஒன்றில், தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை, 5,400 ரூபாய் கொடுத்து ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதி வாங்கினேன். சென்னையில் அச்சாகி இங்கு வந்தது. கெட்டி அட்டை, ஏறத்தாழ 1,400 பக்கம், சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தபோது இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. புதுக்கடை நீதிமன்றங்களை அண்டிச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்யும் எனக்கு அகராதி வாங்குவது ஆடம்பரம் அன்று. ஆறேழு ஆண்டுக்கு ஒருமுறை பழையதன் முதுகு பிரிந்து தாள் உதிரத் தொடங்கியதும் புதியது ஒன்றை வாங்கியே ஆகவேண்டும். இதன் பெயரையும் பதிப்பகத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. குறைகளைப் பதிப்பகத்துக்கே விரிவாக எழுதியிருக்கிறேன். அவர்கள் மறுமொழி சொல்வதற்கு முன்னரே பெயரைப் போட்டு எழுதுவது முறையாகாது. கடைகளில் தடித்த அகராதிகளைப் புரட்டி எதை வாங்குவது என்று தயங்கி நிற்பவருக்கு, அட்டையில் எந்தப் பெயர் இருந்தாலும், நான் பார்த்த முறை பயன்படலாம்.

ஓர் அகராதியை முதலிலிருந்து முடிவுவரை வாசித்து மதிப்பிட எவராலும் முடியாது. பலர் கடையில் நின்றபடியே அரிய சொல் ஒன்றைத் தேடிப் பார்த்து, அது இருந்தால் மகிழ்ந்து வாங்கிவிடுவார்கள். அரிய சொல்லுக்குப் பெரும்பாலும் பொருள் ஒன்றுதான். அதை எங்கிருந்தாவது எடுத்துப் போட்டுவிடலாம். சின்ன வகுப்பிலேயே எல்லோரும் படித்து முடித்துவிட்ட சிறிய சொற்களில்தான் அகராதிக்காரரின் உழைப்பு வெளிப்படும். ஆகவே நான் அப்படியான சொல் ஒன்றை எடுத்து, அதன் பதிவை எழுத்தெழுத்தாகப் படிப்பேன். இம்முறை எடுத்தது ‘டேம்’ (tame): காட்டுத்தன்மை நீங்கி மனிதரோடு பழகிவிட்ட விலங்கைக் குறிக்கும் சொல். நான் எடுத்தேன் என்பதைவிட ஒரு யானை எடுத்துத் தந்தது என்பதே சரி.

மாசி மாதத்தில், நன்கு பழக்கமான இளம் சட்டத்தரணி ஒருவர், யானை வைத்திருக்கும் ஒருவருடைய சத்தியக் கடதாசியைத் தமிழாக்கித் தரும்படி கொடுத்தார். 2021 ஆகஸ்டில் வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகளை அது வரிக்கு வரி சுட்டியது. யானை ஒவ்வொன்றுக்கும் மரபணு விவரத்தோடு அடையாள அட்டை வேண்டும், நாளொன்றுக்கு இரண்டரை மணிநேரம் குளிப்பாட்ட வேண்டும், முதுகில் நால்வருக்கு மேல் ஏற்றக்கூடாது, மரம் இழுக்கும் யானையிடம் நான்கு மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, பாகன் வேலைநேரத்தில் மது அருந்தக்கூடாது என்றெல்லாம் விதித்த அந்த ஒழுங்குவிதிகள், தாம் பேசுவது எந்த யானையைப் பற்றி என்பதை ஆங்கிலத்தில் ‘டேம்ட்’ என்ற அடைமொழியால் குறிக்கின்றன. என்னிடம் வேலை பழகும் பிள்ளை புதிய அகராதியைத் திறந்து, அதில் முதலாவதாகக் கிடந்த பொருளை எடுத்து, கடதாசி நெடுக ‘வீட்டு யானை’ என்று தட்டெழுதிவிட்டாள். மேலோட்டமாகப் பார்த்து அனுப்பியது என் பிழை. அன்று பின்னேரமே சட்டத்தரணி தொலைபேசி எடுத்தார்.

“அக்கா, வீட்டு யானை எண்டால் என்ன, குசினிக்குள்ள நிண்டு தேங்காய் துருவுமோ?”

சிரித்து முடித்துத் திருத்த உட்கார்ந்தபோதுதான் அந்தப் பதிவை முழுதாகப் படித்தேன். பெயரடை என்ற தலைப்பின் கீழ் முதற்பொருளாக ‘வீட்டு, வீட்டில் வளர்க்கப்படும், பழக்கப்பட்ட, சாதுவான, அடக்கமான, பணிவான, வசக்கிய’ என்று ஏழு சொற்கள் காற்புள்ளிகளால் பிரிந்து ஒரே வரியில் நிற்கின்றன. இரண்டாம் பொருள் ‘சுவையற்ற, சப்பென்ற’. வினை என்ற தலைப்பின் கீழ் ‘அடக்கு, பழக்கு, வசப்படுத்து, வசக்கு, பணியச் செய்’. இறுதியில் ‘டொமஸ்டிக் பார்க்க’ என்று ஒரு குறிப்பு. எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

சொற்களைக் குறை சொல்வதற்கில்லை. சொல்லப்போனால் ‘வசக்கு’ என்பதை அச்சில் கண்டதும் எனக்கு மனம் குளிர்ந்தது. வட்டக்கச்சியில் அம்மப்பா நாம்பன்களை, அதாவது இளங்காளைகளை, வசக்குவதைச் சிறுவயதில் வேலியில் ஏறியிருந்து பார்த்திருக்கிறேன். முதல் சில நாட்களுக்கு இளம் நாம்பனைக் கிழட்டு எருதொன்றோடு ஒரே நுகத்தில் பூட்டி, பின்னால் கலப்பை இல்லாமல், வெறும் பனங்கட்டையைக் கயிற்றில் கட்டி இழுக்கவிடுவார். நாம்பன் துள்ளும், பக்கவாட்டில் இழுக்கும், படுத்துவிடும். எருது ஒன்றுமே நடவாததுபோல நின்று அசைபோடும். கட்டை உழவுசாலில் நேராகப் போகத் தொடங்கிய பிறகுதான் கலப்பை வரும். அந்த முழு வேலைக்கும் தமிழில் இருக்கும் ஒற்றைச் சொல் ‘வசக்கு’ என்பதுதான். அதைத் தேடியெடுத்துப் பதிவில் வைத்தவர் சொல்லறிந்தவர். ஆனால் வைத்துவிட்டு, இது உழவுமாட்டுக்கு வழங்கும் சொல், யானைக்கோ நாய்க்கோ எவரும் எளிதில் சொல்வதில்லை என்று ஒரு வரி எழுதாமல் விட்டதால், அறியாதவர் கையில் அது இன்னொரு ‘வீட்டு யானை’ ஆகிவிடும்.

அகராதி செய்த பெரிய பிழை ‘வீட்டு’ என்பதை முதலில் வைத்து, போதாக்குறைக்கு ‘டொமஸ்டிக்’ பக்கம் கையைக் காட்டியது. இரண்டும் ஒன்றல்ல. ‘டொமஸ்டிக்’ என்பது ஓர் இனத்தைப் பற்றிய சொல். எத்தனையோ தலைமுறைகளாக மனிதர் தேர்ந்து இனம்பெருக்கி, உடலும் குணமும் மாறிப்போன மாடு, ஆடு, கோழி, நாய் ஆகியவை அதில் அடங்கும். ‘டேம்’ என்பது ஒரு தனி விலங்குக்கும் மனிதருக்கும் இடையே உள்ள உறவைப் பற்றிய சொல். ஆசிய யானையை மனிதர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பழக்கியும் அது வீட்டு விலங்காகவில்லை. ஒவ்வொரு யானையையும் காட்டிலிருந்து பிடித்துப் புதிதாகப் பழக்கினார்களே ஒழிய, குணம் பார்த்துத் தேர்ந்து தலைமுறை தலைமுறையாக இனம்பெருக்கவில்லை. ஏறாவூர்ப் பணிக்கர்மார் கயிற்றுச் சுருக்கோடு காட்டுக்குள் போனதும், 1950இல் பனாமுரையில் கடைசியாக யானைகளை மந்தையாக அடைத்துப் பிடித்ததும் அதனால்தான். பின்னவலை யானைகள் காப்பகத்தில் 1984 முதல் குட்டிகள் பிறந்துவருகின்றன. அங்கே பிறந்த குட்டியும் பிறவியில் காட்டு யானையே, பழக்கத்தால் மட்டுமே மனிதரோடு நிற்கிறது.

இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டுவது யானை அல்ல, நரி. சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க்கில் 1959இல் திமித்ரி பெல்யாயெவ் தொடங்கிய ஆய்வில், வெள்ளிநரிக் குட்டிகளுள் மனிதரைக் கண்டு குறைவாக அஞ்சியவற்றை மட்டும் தேர்ந்து இனம்பெருக்கினார்கள். அழகையோ மயிரையோ பார்க்கவில்லை. பார்த்தது அந்த ஒரு குணத்தைத்தான். தலைமுறைகள் செல்லச்செல்ல அவை மனிதரைக் கண்டதும் வாலாட்டின. சிலவற்றின் காதுகள் மடிந்தன, மேனியில் வெண்திட்டுகள் தோன்றின. முதல் தலைமுறையில் கைக்கு அடங்கியிருந்த நரி ‘டேம்’ மட்டுமே. பிந்திய தலைமுறை நரி ‘டொமஸ்டிக்’ ஆகிவிட்ட நரி. அகராதிக்குள் நரிக்கதை எழுதச் சொல்லவில்லை. ‘தனி விலங்கு’ என்ற இரண்டு சொல்லை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் போதும்.

கொழும்புத் தெருவில் நின்றே இதைச் சோதிக்கலாம். எங்கள் ஒழுங்கை முனையில் படுத்திருக்கும் தெருநாய் வீட்டு விலங்கின் வழித்தோன்றல். ஆனால் அறியாதவர் கிட்டப் போனால் பல்லைக் காட்டும், ஆகவே அதை ‘டேம்’ என்று சொல்ல முடியாது. காலிமுகத்திடலில் குழந்தையின் கையிலிருந்து இறால் வடையைப் பறித்துக்கொண்டு போகும் காகம் அதற்கு நேர்மாறானது. அதை எவரும் வளர்க்கவில்லை, எவரும் பழக்கவில்லை. ஆயினும் மனிதரைக் கண்டு ஒதுங்காத காட்டுப் பறவையையும் ஆங்கிலத்தில் ‘டேம்’ என்பார்கள். ‘வீட்டுக் காகம்’ என்று எழுதிப் பாருங்கள், பிழை பளிச்சென்று தெரியும். நவம் பெரஹரா ஊர்வலத்தில் விளக்குத் துணி போர்த்து பேரை வாவியைச் சுற்றி வரும் யானை மூன்றாவது வகை. அது பழக்கிய யானை. பழக்கிய யானை, பழகிய காகம், வீட்டு நாய் என்று மூன்று தனித்தனிச் சொல்லைத் தமிழ் ஏற்கெனவே வைத்திருக்கிறது. பிறர் செய்ததால் விளைந்தது ‘பழக்கிய’, தானாக வந்தது ‘பழகிய’. ஆங்கிலத்தாலேயே எளிதில் பிரிக்க முடியாத ஒன்றை ஒரே ஒரு ‘க்’ வைத்துப் பிரித்துவிடுகிறோம். அகராதி அந்த இரண்டையும் விட்டுவிட்டு ‘பழக்கப்பட்ட’ என்று மூன்றாவது ஒன்றைப் போட்டிருக்கிறது. அது எனக்கு எப்போதும் கடிதத்தில் வரும் ‘பழக்கப்பட்ட முகம்’ என்பதையே நினைவூட்டுகிறது.

சட்டத்தில் இது சொல்விளையாட்டு அல்ல. 1907ஆம் ஆண்டின் விலங்குகளுக்குக் கொடுமை செய்தலைத் தடுக்கும் கட்டளைச் சட்டம், வீட்டு விலங்கையும் பிடிக்கப்பட்ட விலங்கையும் மட்டுமே ‘விலங்கு’ என்று வரைவிலக்கணம் செய்கிறது. யானை அதற்குள் வருவது பிடிக்கப்பட்டதால். நாய் வருவது வீட்டு இனமாக இருப்பதால். தண்டப்பணத்தின் உச்சம் நூறு ரூபாய் என்று அதில் எழுதியிருப்பதைச் சொன்னால் இன்று எவரும் நம்பமாட்டார்கள். இந்த நாட்டில் வழங்கும் உரோமன்-டச்சுச் சட்டமோ, வீட்டு விலங்கு தன் இயல்புக்கு மாறாகப் பாய்ந்து ஊறு செய்தால், உரிமையாளரிடம் குற்றம் இல்லாவிட்டாலும் அவரைப் பொறுப்பாக்கும் தனி வழக்குவகை ஒன்றை வைத்திருக்கிறது. யானையை ‘வீட்டு’ ஆக்கினால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு நாமே கையில் கயிறு கொடுத்ததாகிவிடும். என் இளம் சட்டத்தரணி தேங்காய் துருவும் யானையைச் சொல்லிச் சிரித்தாலும், அவர் உண்மையில் பயந்தது அதற்குத்தான்.

‘கட்டளைச் சட்டம்’ என்று எழுதினேன். அதைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தில் ‘ஓர்டினன்ஸ்’ என்பதற்கு இந்த அகராதி ‘அவசரச் சட்டம்’ என்ற ஒரே பொருளைத் தருகிறது. இந்தியாவில் அது சரி. சட்டசபை கூடாத காலத்தில் நிறைவேற்றுத்துறை பிறப்பிப்பது அங்கே ‘ஓர்டினன்ஸ்’. இங்கே குடியேற்றக்காலச் சட்டவாக்க அவைகள் முறையாக இயற்றி இன்றும் நடைமுறையில் இருக்கும் சட்டங்களுக்கு அந்தப் பெயர். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் எந்த அவசரமும் இல்லை. நாம் வர்த்தமானி என்று சொல்லும் ‘கசெட்’டுக்கும் ‘அரசிதழ்’ மட்டுமே கொடுத்திருக்கிறார்கள். 1842இலேயே மானிப்பாயில் அகராதி அச்சிட்ட ஒரு சமூகம், இன்று தன் சட்டச் சொல்லைச் சென்னை அச்சில் தேடி ஏமாறுகிறது என்பதில் சென்னைக்காரரை மட்டும் நோவது நியாயமில்லைதான்.

மனிதரைப் பற்றி வழங்கும்போது ‘டேம்’ வேறு முகம் காட்டும். ஆங்கிலேயர் ஒருவரை அப்படிச் சொன்னால் அதில் ஓர் ஏளனம் உண்டு: எதிர்க்கத் துணிவில்லாதவர், சொன்னபடி ஆடுபவர். அமைச்சர் ஒருவரின் ‘டேம்’ நிபுணர் என்றால், கேட்ட அறிக்கையைக் கேட்டபடி எழுதிக் கொடுக்கும் நிபுணர். தமிழில் ‘தலையாட்டி’ என்றோ ‘ஆமாம்சாமி’ என்றோ ‘கைக்குள் கிடக்கிற ஆள்’ என்றோ சொல்லலாம். அகராதியோ ‘அடக்கமான, பணிவான’ என்று எழுதி வைத்திருக்கிறது. அடக்கம் நமக்கு ஏளனமா? வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கிய குணம் அது. இந்தப் பொருத்தத்தைத் தலைகீழாக நம்பிய ஒருவருடைய கைவேலையை நானே பார்த்தேன். கொட்டாஞ்சேனைக் குடும்பம் ஒன்று, இலண்டன் மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பவிருந்த, மகளின் விவரக்குறிப்பைச் சரிபார்க்கும்படி கொண்டுவந்தது. படிப்பு, உயரம், நட்சத்திரம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. குணம் என்ற இடத்தில் ‘அடக்கமான பெண்’ என்பதை ‘டேம் கேர்ள்’ என்று ஆங்கிலமாக்கியிருந்தார்கள். தாயார் எதிரே இருந்தார். மகள் அவருக்குப் பின்னால் கைபேசியைப் பார்த்தபடி நின்றாள். நான் அந்த இடத்தைப் பென்சிலால் சுழித்ததும் தாயார் கேட்டார்.

“என்ன மிஸ், பிழையோ? அடக்கமான பிள்ளைதானே.”

“பிள்ளை அடக்கம்தான் அம்மா. இந்தச் சொல் மூக்கணாங்கயிறு போட்ட மாதிரிக் கேட்கும்.”

பின்னால் நின்ற பிள்ளை அன்று முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அந்த இடத்தில் நான் எழுதிக் கொடுத்த சொல்லைத் தாயாருக்கு மூன்று தரம் விளக்க வேண்டியிருந்தது.

‘சாதுவான’ என்ற சொல்லுக்கு மட்டும் நான் எதிர்ப்புச் சொல்லமாட்டேன். பசுவுக்கும் பொருந்தும், பாகனோடு நிற்கும் யானைக்கும் பொருந்தும், வகுப்பில் பின்வாங்கில் இருக்கும் பையனுக்கும் பொருந்தும். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்ற பழமொழியும், பழக்கிய விலங்குக்குள் மிச்சமிருக்கும் காட்டை மறக்காமல் வைத்திருக்கிறது. இந்த ஏழு சொல்லில் ஒன்றை மட்டும் வைத்திருக்கச் சொன்னால் இதைத்தான் வைப்பேன்.

இரண்டாம் பொருளுக்கு வருவோம். ‘சுவையற்ற, சப்பென்ற’ என்பது சரியே. கதையின் முடிவு சப்பென்று போனது, பட்டிமன்றம் சப்பென்று முடிந்தது என்று நாமும் அன்றாடம் சொல்கிறோம். ஆனால் கொழும்பில் இந்தச் சொல்லை அதிகம் கேட்பது கிரிக்கெட் வர்ணனையில், அங்கே ‘சுவையற்ற’ போதாது. 1997 ஆகஸ்டில் கெத்தாராமையில், பிரேமதாச மைதானத்தில், இந்தியா 8 விக்கெட்டுக்கு 537 எடுத்து நிறுத்த, இலங்கை 6 விக்கெட்டுக்கு 952 எடுத்தது. ஜயசூரிய 340, மகாநாம 225, இருவரும் சேர்ந்து 576. டெஸ்ட் வரலாற்றின் மிகப்பெரிய மொத்தம் அது. நான் இரண்டு நாட்கள் அங்கே வெயிலில் இருந்தவள். சுவையற்றது என்று எவராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். ஆயினும் ஐந்து நாட்களிலும் எந்தப் பக்கத்துக்கும் வெற்றிக்கு வழி திறக்காமல் ஆட்டம் முடிந்ததால், அந்த முடிவை ஆங்கில வர்ணனையாளர் ‘டேம் ட்ரோ’ என்பார். ‘உப்புச்சப்பில்லாத சமநிலை’ என்று நான் எழுதுவேன். துடுப்பாட்டக்காரர் எந்தப் போராட்டமும் இல்லாமல், கள நடுவில் நிற்பவரின் கைக்கே பந்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனால் அதுவும் ‘டேம்’தான்; அதற்குத் தமிழில் எங்கள் பொடியன்கள் சொல்வது ‘சும்மா குடுத்திட்டுப் போறான்’. அச்சில் வரக்கூடிய ஒன்றை அகராதிக்காரர்தான் ஆக்கித் தரவேண்டும்.

வினைச்சொற்களில் அகராதி அடக்குவதையும் பழக்குவதையும் அருகருகே நிறுத்தியிருக்கிறது. அடக்குதல் வலிமையால் ஒரு கணத்தில் நடப்பது, பழக்குதல் சோறு வைத்துப் பொறுத்திருந்து மாதக்கணக்கில் நடப்பது. வன்னியில் வேழம் படுத்த அரியாத்தையின் கதையைப் பாட்டாகக் கேட்டவர்களுக்கு மூன்றாவது வினை ஒன்றும் தெரியும்: படுத்தல். அந்தப் பழைய சொல்லும் சேர்ந்திருந்தால் பதிவு நிறைந்திருக்கும். 2024 ஜனவரியில் திருகோணமலைச் சம்பூரில் ஜல்லிக்கட்டு நடந்தபோது ஆங்கிலச் செய்திகள் வீரர்களை ‘டேமர்’ என்றே எழுதின. வாடிவாசலில் சீறிவந்த காளையின் திமிலைச் சில கணம் பிடித்துத் தொங்கியவன் அதைப் பழக்கவில்லை. அது அடுத்த ஆண்டும் அப்படியே சீறிவரவேண்டும் என்பதுதான் உரிமையாளரின் விருப்பம். தமிழ் அவனை ‘மாடுபிடி வீரர்’ என்கிறது, விளையாட்டை ‘ஏறுதழுவுதல்’ என்கிறது. பிடிக்கிறான், தழுவுகிறான், அதற்கு மேல் உரிமை கோரவில்லை.

பொருளாதாரச் செய்தியிலும் இதே வினை வருகிறது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்ரெம்பரில் 69.8 சதவீதமாக இருந்த பணவீக்கம், 2023 செப்ரெம்பரில் 1.3 சதவீதத்துக்கு வந்தது. பணவீக்கத்தை ‘டேம்’ செய்தாயிற்று என்று ஆங்கிலத்தில் எழுதும் செய்தியை ‘பணவீக்கம் அடக்கப்பட்டது’ என்று தமிழாக்கினால், சந்தைக்குப் போய்வருபவர் சண்டைக்கு வருவார். விலை ஏறிய இடத்திலேயே நிற்கிறது. ஏறும் வேகம்தான் குறைந்தது. ‘கட்டுக்குள் வந்தது’ என்பது இங்கே நேர்மையான சொல். அது அகராதியில் இல்லை. ‘டேமர்’ என்ற வடிவத்துக்கு ‘அடக்குபவர், பயிற்றுநர்’ என்று மட்டும் இருப்பதும் ஆபத்தானது. ‘முன்னையதைவிடச் சாதுவான’ என்ற ஒப்பீட்டு வடிவமும் அதே எழுத்தில்தான் வரும். இவ்வாண்டு வரவுசெலவுத் திட்டம் ‘டேமர்’ என்று ஒரு தலையங்கம் சொன்னால், அதை ஒரு பாகனாக்கிவிட வாய்ப்புண்டு.

உச்சரிப்பைத் தமிழெழுத்தில் ‘டேம்’ என்று கொடுத்திருக்கிறார்கள். தமிழகத்தில் அணைக்கட்டையும் பேச்சில் ‘டேம்’ என்பார்களாம். ஒன்று ஆற்றை அடக்குவது, மற்றது யானையை. நமக்கு அந்தக் குழப்பம் இல்லை. புதுக்கடைக்குப் பக்கத்தில் ஒல்லாந்தர் விட்டுப்போன டாம் வீதி இருப்பதால் அணை எங்களுக்கு ‘டாம்’ ஆகிவிட்டது. இருந்தாலும் ‘டெய்ம்’ என்று எழுதியிருந்தால் ஆங்கில ஒலிக்கு இன்னும் கிட்ட வந்திருக்கும்.

சொற்பிறப்பு இந்த அகராதியில் எந்தச் சொல்லுக்கும் இல்லை. வாங்குபவர்களுள் நூற்றில் ஒருவருக்குக்கூட அது தேவைப்படாது என்று தெரியும். ஆனாலும் நான் அந்த ஒருவர். இச்சொல்லின் பழைய வேர் இலத்தீனிலும் கிரேக்கத்திலும் சமஸ்கிருதத்திலும் கிளைத்திருக்கிறது. புலனடக்கத்தைக் குறிக்கும் ‘தமம்’ அதில் ஒரு கிளை, தமயந்தி என்ற பெயர் இன்னொன்று. கிரேக்கர் அதற்கு முன்னால் இன்மைப்பொருள் தரும் ‘அ’ சேர்த்து, அடக்க முடியாதது என்ற பொருளில் ‘அதமாஸ்’ என்று மிகக் கடினமான பொருளுக்குப் பெயரிட்டார்கள். அதுவே தேய்ந்து ‘டயமண்ட்’ ஆனது. செட்டியார் தெருவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட்டில் படுத்திருக்கும் கல்லின் பெயருக்குள் வசக்க முடியாத நாம்பன் ஒன்று நிற்கிறது. நாமும் மரத்தில் வைரம் பாய்ந்தது என்கிறோம்.

நூலின் அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எழுத்து பெரிது, கண்ணாடி இல்லாமல் என்னால் படிக்க முடிந்தது. தாள் மெல்லியது, பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் நிழலாடுகிறது. கடலோரக் காற்றுக்கு ஒரு மாதத்துக்குள் ஓரங்கள் நெளியத் தொடங்கிவிட்டன. தலைச்சொற்களைத் தடித்த எழுத்தில் போட்டுத் தமிழ்ப் பொருளை மெல்லிய எழுத்தில் போட்டது நன்று. கைபேசிச் செயலிகள் இருக்க இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு விடை: என் உதவியாளரின் கைபேசி ‘டேம்’ என்பதற்கு ‘அடக்கு’ என்ற ஒரே சொல்லைத்தான் தந்தது. இந்த நூல் குறைந்தது பன்னிரண்டைத் தருகிறது. எது எங்கே என்று தெரிந்தவருக்கு அந்தப் பன்னிரண்டும் சொத்து.

ஆகவே தமிழில் நல்ல பிடிப்புள்ள, சொல் நாவில் நின்று வர மறுக்கும் வேளையில் நினைவூட்ட ஒன்று தேவைப்படுகிற மொழிபெயர்ப்பாளருக்கும் ஆசிரியருக்கும் 5,400 ரூபாய் தகும். ஆங்கிலம் கற்கும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு வரும் சிறிய அகராதி எதுவும் அவர்களுக்கு இதைவிட நல்லது. சட்ட ஆவணத்துக்கு இதை மட்டும் நம்பி எவரும் கையொப்பம் இடவேண்டாம்.

பங்குனியில் இன்னொரு குறை தெரிந்தது. ‘யு’ எழுத்துப் பகுதியில் பதினாறு பக்கங்கள் தலைகீழாகத் தைக்கப்பட்டிருந்தன. பற்றுச்சீட்டு தொலைந்துபோயிருக்க, கடைக்குக் கொண்டுபோனேன். வயதான முதலாளி பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பிள்ளை, மேல் தட்டில இன்னொண்டு கிடக்குது, அதை எடுத்துக்கொண்டு போங்கோ” என்றார். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பழைய பிரதியைச் சென்னைக்குத் திருப்பி அனுப்புவார்களாம். வீட்டுக்கு வந்து புதியதைத் திறந்த பிறகுதான், ‘டேம்’ பதிவைச் சுற்றி ஓரமெல்லாம் நான் பென்சிலால் எழுதிய குறிப்புகள், யானை, காகம், கெத்தாராமை, கொட்டாஞ்சேனைப் பிள்ளை உட்பட, பழைய பிரதியோடே போய்விட்டது நினைவுக்கு வந்தது. பதிப்பகத்துக்கு நான் எழுதிய கடிதம் முதலில் போய்ச் சேருமா, அந்தப் பிரதி முதலில் போய்ச் சேருமா தெரியாது.